கண்ணாயியின் சுண்டுவிரல்

கண்ணாயியைப் போல ஒரு அழுத்தக்காரியை இந்தச் சேர்வராயன் மலையில் நான் பார்த்ததில்லை. கொட்டச்சேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தில் என் பாதி முடி அவளால்தான் நரைத்தது. காப்பிப் பழம் பறிக்க அவளை மிஞ்ச ஆளில்லை. இரண்டு கையும் இரண்டு கிளையில் ஓடும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு லைனில் இருந்த ஒற்றை அறைதான் அவளுக்கு ஊரும் உறவும்.

ஒரு நாள் அவள் விறகு வெட்டும்போது அரிவாள் நழுவி, இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. டோலி கட்டிச் சேலத்துக்குத் தூக்கிப் போனோம். அறுபட்ட நரம்பின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்துத் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறியது. ஆனால் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப்போய் வளைந்து நின்றன.

வந்தது வினை. அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சிப் பானையை அவள் அந்த விரல்களால் அணைத்துப் பிடித்திருந்ததை மேஸ்திரி செங்கோடன் பார்த்துவிட்டான். தோல் வெந்தும் அவள் முகம் சுளிக்கவில்லை. அவ்வளவுதான், "பெருநோய்ங்க, குஷ்டமுங்க! லைனுக்கே ஒட்டிக்கும்ங்க!" என்று எஸ்டேட் துரையிடம் ஓடினான். தண்ணீர்க் குடத்தைக்கூட அவள் தொடக் கூடாதென்று ஆகிவிட்டது. அடுத்த முறை மலைக்கு வரும் டாக்டர் பார்த்து முடிவு சொல்லட்டும், நோயென்றால் மலையை விட்டு இறங்கட்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

நான் செங்கோடனிடம் தொண்டை கிழியக் கத்தினேன். "அடேய், நரம்பு என்ன மாட்டுக் கயிறா, முடிச்சுப் போட்டதும் இழுக்க? அதற்குள் ஆயிரக்கணக்கில் மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒவ்வொரு இழையும் ஒரு செல்லின் வால். தொடுவதை உணர்கிற செல் முதுகெலும்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் வால் விரல் நுனிவரை போகிறது. வெட்டுக்குக் கீழே உள்ள வால் செத்துவிட்டது. செல் சாகவில்லை. மேலிருந்து புது வால் வளர்ந்து வர வேண்டும். மாதத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்தால் பெரிது!"

"அதெல்லாம் சரிங்க. எதுக்கும் குடத்தைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க," என்றான். சுவரிடம் பேசியிருக்கலாம்.

இவளாவது உதவினாளா? வளர்ந்து வரும் முனையைத் தட்டினால் மூளைக்கு இடம் தெரியாது. சுண்டுவிரலில் ஏதோ ஊர்கிறது என்றே நினைத்துக்கொள்ளும். விரலில் எறும்பு ஊர்ந்தால் நரம்பு வருகிறதென்று அர்த்தம். பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். "ஏம்மா, எறும்பு ஊருதா?"

"ஒண்ணுமில்லைங்க."

"தட்டினால்கூடவா?"

"ஏனுங்க, இல்லைன்னா இல்லைதானுங்க."

அழமாட்டாள், கெஞ்சமாட்டாள்.

டாக்டர் வந்தார். வாசலில் செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் அவள் உடம்பில் அந்த நோய்க்குரிய தேமல் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். தழும்பிலிருந்து கீழ்நோக்கி விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"எங்கேயாவது ஊர்கிறதா?"

"இல்லைங்க."

இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். "இல்லைங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலது கை பாய்ந்து போய் இடது சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சிரித்துவிட்டார். "வாய் பொய் சொல்கிறது, கை சொல்லவில்லை. நரம்பு வந்துகொண்டிருக்கிறது. இது வெட்டுக்காயம், நோய் இல்லை." செங்கோடன் ஓசைப்படாமல் நழுவினான்.

கண்ணாயியோ, மலையே இடிந்து விழுந்தாற்போல் அழ ஆரம்பித்தாள். "சேர்வராயன் சாமிக்கு நேர்ந்திருந்தனுங்க. வெரல் முழுசா வர்றவரைக்கும் வர்றதா வாயத் தொறந்து சொல்லமாட்டேன்னு. சொன்னா பலிக்காதுங்க. இப்பக் கெடுத்துட்டீங்களே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மருந்துப் புட்டியைத் தரையில் அடிக்காததுதான் குறை. "அடிப்பாவி! மலையை விட்டே துரத்தியிருப்பார்களே! போக்கிடம் ஏது உனக்கு?"

"போயிருப்பனுங்க. வெரலோட திரும்பி வந்திருப்பனுங்க," என்றாள்.

அடுத்த பழம் பறிப்புக் காலம். ஒரு நாள் காலையில் லைனே அதிரும்படி "ஐயோ!" என்று ஒரு அலறல். ஓடினேன். கண்ணாயியின் காலடியில் கஞ்சிப் பானை உடைந்து கிடந்தது. இடது சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சுடுதுங்க! நொம்ப சுடுதுங்க!"

எனக்கும் கண் கலங்கிவிட்டது. மருந்து தடவ விரலைப் பிடித்தேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மருந்து வேண்டாமுங்க. கொஞ்ச நேரம் சுடட்டுமுங்க."