கண்மாய்க்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

சுற்றுச்சூழலுக்காக ஒரு கலைவிழா நடக்கப்போகிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மத்தியானச் சாப்பாடு குடுப்பாகளா?" என்பதுதான். நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியர். என் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போவார், ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. அப்படிப்பட்டவனை ஒருவர் போனில் "ஆர்ட்டிஸ்ட்" என்று கூப்பிட்டால் சாப்பாட்டைப் பற்றியெல்லாம் கேட்கத் தோன்றுமா? உடனே ஒத்துக்கொண்டேன்.

விழா நடந்த இடம் திருவாதவூர் போகிற வழியில் ஒரு கிராமத்துக் கண்மாய். கண்மாய்க்குள் எப்படி விழா நடத்துவார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை. அந்த வருடம் அதற்குள் சீமைக்கருவேலம்தான் நிறைந்து நின்றது. மடை ஓரத்தில் மட்டும் ஓர் எருமை படுத்தால் முதுகு நனையாத அளவுக்குத் தண்ணீர். விழாவை நடத்த வந்த அம்மா சென்னைக்காரர். எதைப் பார்த்தாலும், யார் எதைச் சொன்னாலும், "இது ஓர் உரையாடலை உருவாக்கணும்" என்பார். டீ ஆறிப்போனால்கூட அதைப் பற்றி ஓர் உரையாடல் உருவாகும்.

எனக்கு யோசனை பஸ் ஸ்டாப்பில் உதித்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், சொந்தக்காரர்களுக்குப் போன் போவதற்கு முன்னால் சுவருக்குச் செய்தி போய்விடும். அந்தச் சுவரொட்டி மாதிரியே ஒன்று வரைந்தேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் கண்மாயின் படம், அதற்கு ஒரு ரோஜா மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் ஊரோடு சேர்த்துக் கண்மாயின் பெயர், 'மறைவு' என்று இந்த வருடம். கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று போட்டு நாரை, உள்ளான், அயிரை, கெளுத்தி எல்லோருக்கும் பாஸ்போர்ட் அளவில் படம். கெளுத்திக்கு மீசை இருந்ததால் அது மட்டும் தாய்மாமன் மாதிரி அமைந்துவிட்டது. சென்னை அம்மா பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். நானும் கொஞ்சம் கலங்கினேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பிளாஸ்டிக் இல்லாத விழா என்பதால் பிளக்ஸ் கிடையாது. தாளில் அச்சடித்து, மைதா பசை காய்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவாதவூர் ரோடு முழுக்க ஒட்டினோம். மிச்சத்தை நான் குடியிருக்கிற அவனியாபுரத்துக்கு எடுத்துவந்து, எங்கள் ஏரியாவிலும் ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் மாடுகள் பாதியைத் தின்றுவிட்டன. முழுவதையும் தின்றிருந்தால் என் மானம் தப்பித்திருக்கும்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியிடம் வந்து, "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டாராம். டீக்கடையில் ஒருவர் என்னைத் தனியாக ஓரம்கட்டி, வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு மொட்டை போட அழகர்கோவில் போவதாக இருக்கிறோம், கண்மாய்ப் பாசனத்துக்காரர்களுக்கெல்லாம் தீட்டு உண்டா என்று விசாரித்தார். மனிதர் விளையாடுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீட்டு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

விழாவின் முதல் நாள் காலையில், கிழித்த சுவரொட்டி ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். என் வயதுதான் இருக்கும். அந்தக் கிராமத்துக்காரர்.

"இதை ஒட்டுனது யாரு?"

சென்னை அம்மா முகமெல்லாம் சிரிப்பாக என்னை முன்னால் தள்ளினார். "இவர்தான் ஆர்ட்டிஸ்ட்."

"எங்க கண்மாய் செத்துப்போச்சுன்னு ஒங்ககிட்ட யாரு சார் சொன்னது?"

"அது ஓர் உருவகம்ணே" என்று ஆரம்பித்தேன்.

"எம் மகளுக்கு அவனியாபுரத்துல மாப்ள பாத்திருக்கு. பட்டறை வச்சிருக்காக. கண்மாய்ப் பாசனத்துல நஞ்சை இருக்குன்னு சொல்லித்தேன் பேசி முடிச்சோம். வெள்ளிக்கெழம நிச்சயம். நேத்து மாப்ளயோட அப்பா போன் போட்டு, கண்மாய்க்கே காரியம் முடிஞ்சிருச்சாமே, பெறகு என்ன நஞ்சைங்குறாரு. எம் மக ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல சார்."

"பாத்தீங்களா, உரையாடல் உருவாயிடுச்சு!" என்று சென்னை அம்மா கேமராக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கலைப்படைப்பை இப்படியா புரிந்துகொள்வது, கெளுத்தி மீனுக்குப் படம் போட்டிருப்பதைப் பார்த்தாவது தெரிய வேண்டாமா என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உருவகம்னு ஏதோ சொன்னீகள்ல, அதை அவுக வீட்டுல வந்து சொல்லுங்க. வண்டியில ஏறுங்க" என்றார். ஏறினேன்.

மாப்பிள்ளையின் அப்பா வெல்டிங் பட்டறையில் நின்றிருந்தார். பெரிய உருவம். என்ன தொழில் என்று கேட்டார். வாத்தியார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே போட்டிருந்தது நாக்கில் வந்துவிட்டது. "இன்ஸ்டலேஷன் ஆர்ட்டிஸ்ட்."

"ஏசியா, வாட்டர் பில்டரா?"

விளக்கினேன். அவர் தலையாட்டினார். "சரி சார். செத்தவுகளுக்குத்தேன் போஸ்டர் ஒட்டுவாக. உசுரோட இருக்குறதுக்கு எவனாச்சும் ஒட்டுவானா? ஒட்டுனா அது வெவகாரம்ல?"

இதற்குப் பதில் எந்தக் கலை வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "சாகலைண்ணே. கொஞ்சம் முடியாம இருக்கு" என்றேன்.

"எம்புட்டு முடியல?"

"ஐசியூல இருக்குன்னு வச்சுக்கங்க."

"ஐசியூல கெடக்குற கண்மாய நம்பி எப்புடி சார் சம்பந்தம் பண்றது?" என்றார் அவர். "நானே நேர்ல வாரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

திரும்பும்போது விவசாயிதான் வண்டியை ஓட்டினார். ரிங் ரோட்டில் ஏறியபிறகு, "சார், அந்த ஐசியூவ மட்டும் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

விழாவின் கடைசி நாள் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் பெங்களூர் கலைஞர் ஒருவர் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். அதுதான் அவருடைய படைப்பு.

"ஆத்தாடி, இங்க நெசமாவே ஒண்ணு கெடக்கே!" என்று அந்த அம்மா அலறினார்.

சேற்றுக்காரர் கண்ணைத் திறக்காமல், தனக்குத் தெரிந்த தமிழில், "நான் பூமி" என்றார்.

"பூமியாவே இருந்துட்டுப் போப்பா. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு, சளி புடிச்சுக்கிரும்."

கரையில் நாலைந்து பெண்களோடு கல்யாணப் பெண் நின்றிருந்தது. வேலியில் தொங்கிய ஓவியங்களைப் பார்க்கிற மாதிரி நின்றது, ஆனால் கண் ஓவியத்தில் இல்லை. அதுவரை இந்த விவகாரம் எனக்கு ஒரு தலைவலி மட்டும்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்க படிச்சவரு. ஒத்தச் சொல்லாச் சொல்லுங்க. இதுல தண்ணி வருமா, வராதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் கதவு உயரத்துக்கு என் கண்ணீர் அஞ்சலி தொங்கிக்கொண்டிருந்தது. நான் வரைந்ததில் எதையும் அன்றைக்கு வெறுத்த மாதிரி வெறுத்ததில்லை.

"வரும்ணே" என்றேன்.

விவசாயிக்கு அது பொறுக்கவில்லை. "அவரு எனக்காகச் சொல்றாருண்ணே. பொய் சொல்லிப் பொண்ணு குடுக்க எனக்கு இஷ்டமில்ல. நல்ல மழ பேஞ்சா நெறையும், ஒரு போகம் எடுப்போம். பேயலைன்னா இந்தா, இப்புடித்தேன் கெடக்கும்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் இழுத்து வந்து, கடைசியில் தானே கெடுத்துக்கொண்டாரே என்று அவர் மேல் எரிச்சலாகக்கூட வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். கருவேலத்தை விலக்கிக்கொண்டு மடைவரை போனார். காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து மேலே ஏறி வந்தார்.

"வத்திக் கெடக்கு. அம்புட்டுத்தானே? எவனும் மண்ணக் கொட்டி மூடலைல்ல?"

"மூட விட்டுருவமாண்ணே?" என்றார் விவசாயி.

"அப்பச் சாகல. வெள்ளிக்கெழம வாரோம்."

கரையில் நின்ற பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சென்னை அம்மா ஓடிவந்து, கேமராவில் சரியாகப் பதியவில்லை, அதையே இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று கேட்டார். "அதேன் ஒருக்காச் சொல்லிட்டேன்லம்மா" என்று மாப்பிள்ளையின் அப்பா நகர்ந்துவிட்டார்.

நான் போய் என் சுவரொட்டியைக் கிழிக்கக் கை வைத்தேன்.

"கிழிக்காதீக சார்" என்றது மாப்பிள்ளையின் அப்பாவின் குரல். "இதே மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுத் தரணும்."

எனக்குத் திக்கென்றது. "யாருக்குண்ணே?"

"எங்க கண்மாய்க்கு. நீங்க அன்னிக்கு வந்து நின்னீகள்ல, எங்க பட்டறைக்கு அடியிலதேன் கெடக்கு. அதுக்கு ஒரு மால கெடையாது, ஒரு நோட்டீஸ் கெடையாது."

பேனாவை எடுத்தேன். "பேரு சொல்லுங்கண்ணே."

வாயைத் திறந்தவர் மனைவியைப் பார்த்தார். "நான் கட்டி வாரப்பவே அங்க அம்புட்டும் கடையாத்தான இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளையின் அப்பா தன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. "கண்மாய், கண்மாய்னுதேன் சொல்லுவோம் சார்" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

தாளில் பெயருக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டேன்.

"பேரு கெடக்கட்டும். மறைவுன்னு ஒரு எடம் இருக்கும்ல, அது எனக்கு நல்லாத் தெரியும். நாங்க பட்டறை போட்ட வருசத்த அதுல எழுதிக்கங்க."