வாலுவின் கடிகாரம் ஏலத்துக்கு வந்த கதை

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவனுடைய சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவன் ‘கண்ணாடி’தான். பிறக்கும்போதே மூக்கின்மேல் கண்ணாடியோடு பிறந்தான், நர்ஸ் அதைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தாள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் நம்பினார்கள். அதில் ஒருவர் கண் டாக்டர்.

அவன் செய்த வேலை விசித்திரமானது. பணக்காரர்களுக்குப் பழைய, விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள்மேல் ஆசை உண்டு. எது அசல், எது நடுவில் யாரோ உள்ளே கைவைத்துக் கெடுத்தது என்று தெரியாது. அவர்களுக்காக ஏலக் கூடத்துக்குப் போய், பார்த்து, விலை கேட்டு, வாங்கிக் கொடுப்பான். அதற்கு ஒரு சிறு கூலி. பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தான் என்றால், உள்ளே இருக்கிற திருகு ஒவ்வொன்றும் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும். இவ்வளவு கடிகாரம் பார்த்தவன் தன் கையில் கட்டியிருந்தது பிளாஸ்டிக் கடிகாரம். அதுவும் மழையில் நனைந்தால் நின்றுவிடும்.

நாளாக ஆக அவனுக்கு ஒரு தலைவலி வந்தது. அவன் எண் அட்டையைத் தூக்கினால் போதும், கூடத்தில் இன்னும் பத்து அட்டைகள் மேலே போயின. ‘கண்ணாடி கேக்கறாரா? அப்ப சரக்கு சுத்தம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். விலை தாறுமாறாக ஏறியது. அதனால் ஏலம் விடுகிற அம்மாளிடம் அவன் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். இனி அட்டையைத் தூக்கமாட்டான். ஓரத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எந்தக் கடிகாரம் வேண்டும் என்று முன்கூட்டியே அந்த அம்மாளிடம் சொல்லிவிடுவான். மூக்கின்மேல் கண்ணாடி இருக்கிறவரை அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று அர்த்தம். கழற்றிவிட்டால், இனி வேண்டாம், நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். அந்த அம்மாள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அவன் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் அவனுக்கு விழுந்துவிடும்.

தனக்கென்று அவன் வாழ்க்கையில் ஏலத்தில் வாங்கியது ஒன்றே ஒன்று. கறுப்பாக இருந்த டயல் வெயில் பட்டுப் பட்டு, பால் குறைவாக ஊற்றிய காபி நிறத்துக்கு வந்திருந்தது. கெட்டுப்போனது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். இவனுக்கு மட்டும் பிடித்துவிட்டது. மகள் முதல் வேலைக்குப் போன அன்று அவள் கையில் கட்டிவிட்டான். எலும்பும் தோலுமான மணிக்கட்டு. செயினில் இரண்டு கண்ணிகளை எடுத்தும் அது வளையல் மாதிரி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டானா? பின்மூடியில் அவளைக் கூப்பிடுகிற பெயரைப் பொறிக்கக் கொடுத்தான். ‘வாலு.’ மரத்திலும் மதிலிலும் தொங்கிக்கொண்டே வளர்ந்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? தொழில்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“ஏன் சார், பின்மூடில ஒரு கீறல் இருந்தாலே வேணாம்னு சொல்ற ஆளு நீங்க. நீங்களே போய்ப் பேரு வெட்டிட்டு வர்றீங்களே! இனி எவன் வாங்குவான்?”

“நான் என்ன விக்கவா போறேன்?” என்றான் இவன்.

வாலு கல்யாணமாகிப் போனாள். கடிகாரமும் போனது. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். என் தம்பி வீட்டில் அன்றிலிருந்து அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அவ’ என்பார்கள். ‘அவ ரூம்’, ‘அவ தட்டு’.

மருமகன் கெட்டவன் இல்லை. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை என்று யாரோ ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டான். எங்களிடம் கேட்டிருக்கலாம். காட்டினால் நாங்கள் உடைந்துபோவோம் என்று நினைத்தானாம். சின்னப் பையன், அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஏலக் கம்பெனி அனுப்புகிற படப் புத்தகத்தைச் சாப்பிட்டுக்கொண்டே புரட்டுவது தம்பியின் வழக்கம். ஒருநாள் புரட்டிய கை நின்றுவிட்டது. ரசம் விடவந்த அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். காபி நிற டயல். பக்கத்தில் பின்மூடியின் படம்.

“இது...”

“ஆமா.”

கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அவளே படித்தாள். ‘பின்மூடியில் தனிப்பட்ட சொல் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. இது மதிப்பைக் குறைக்கலாம்.’

“என்னத்தக் குறைக்குமாம்?” என்று கேட்டாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “கொண்டு வந்துடுங்க.”

மகள் போனபிறகு அவள் அவனிடம் கேட்ட முதல் பொருள் அது. சேலை வேண்டும், செருப்பு வேண்டும் என்றுகூட அவள் வாய் திறந்ததில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். அன்றைக்குக் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய அந்தக் காபி நிறத்துக்குத்தான் இன்றைக்குக் கிராக்கி. பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் எல்லாம் அதைத் தேடி அலைகிறார்கள். தம்பி தன்னிடம் இருந்த கருவிகளைக்கூட விற்றுப் பணம் புரட்டினான். இது தன் மகளுடையது என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஏலம் விடுகிற அம்மாளிடம்கூட இல்லை. பாசத்தோடு ஒருவன் வாங்க வருகிறான் என்று தெரிந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியாதா? “அந்தக் காபி டயல் எனக்கு வேணும் மேடம். எப்பவும்போலக் கண்ணாடிதான்” என்று மட்டும் சொல்லிவைத்தான்.

ஏலத்தன்று அவன் மனைவி வரவில்லை. “நீங்க கூடப் போயிட்டு வாங்கக்கா. யாரோ அதுக்கு வெல சொல்றத என்னால கேக்க முடியாது” என்று என்னை அனுப்பினாள்.

கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். வங்கி மாதிரி இருந்தது. சாம்பல் நிறக் கம்பளம், எல்லோர் முகத்திலும் பல் டாக்டருக்குக் காத்திருக்கிற களை. ஒரு பக்கம் நீள மேசை. அங்கே வரிசையாகப் பெண்கள், ஆளுக்கொரு போன். நேரில் வராத பெரிய மனிதர்களுக்காக அவர்கள் காதில் போனை வைத்துக்கொண்டு கேட்பார்களாம்.

“ஏண்டா, வாங்கறவன் வரமாட்டானா?” என்று கேட்டேன்.

“சிலபேரு கடைசி வரைக்கும் யாருன்னே தெரியாதுக்கா.”

“பொண்ணு பாக்காமலே தாலி கட்டறவனா?”

சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

எங்கள் கடிகாரம் திரையில் வந்ததும் நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டான். அட்டைகள் மேலே போயின, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மோதிரக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் இரண்டே பேர். மூக்கின்மேல் கண்ணாடியோடு என் தம்பி. எதிரே ஒரு போன். அதைப் பிடித்திருந்த பெண் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். கடைசியாகக் கேட்ட விலை என் தம்பியுடையது. போன் தயங்கியது.

முடிந்தது என்றே நினைத்தேன். அந்தப் பெண்கூடத் தலையை இல்லை என்று பாதி ஆட்டிவிட்டாள்.

ஏலம் விடுகிற அம்மாள் தன் வேலையைத்தான் செய்தார். தயங்குகிறவர்களைக் கொஞ்சி இழுப்பதுதானே அவர் வேலை? புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒலிபெருக்கியில் இனிமையாகச் சொன்னார்:

“இன்னும் ஒரு படி போகலாமே... பாருங்க, பின்னாடி ஒரே ஒரு வார்த்தை வெட்டியிருக்காங்க. ‘வாலு’வாம்! யாரு வீட்டு வாலோ, தெரியல. வாலு, எங்கம்மா இருக்கே? யாரு வீட்டுக்குப் போகப் போறே?”

கூடமே சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ காலம் கழித்து அந்தப் பெயரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்கிறான், அதுவும் வா என்று கூப்பிடுகிற தொனியில். கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

போன் பெண் கையைத் தூக்கினாள். இன்னும் ஒரு படி.

அந்த அம்மாள் எங்கள் பக்கம் பார்த்தார்.

“டேய், கண்ணாடி!” என்று முழங்கையால் குத்தினேன்.

“என்னக்கா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். இரண்டு கையிலும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, எதிரே ஒன்றும் தெரியாமல்.

சுத்தியல் விழுந்தது.

அவன் எழுந்துவிட்டான். அந்தக் கூடத்தில் அவன் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. “மேடம், நான் முடிக்கல. நான் இருக்கேன் மேடம்.”

“கழட்டிட்டீங்களே சார்” என்றார் அந்த அம்மாள், மெதுவாக. மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. போன் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் போனில் கேட்டாள். இந்தமுறை தலையை இல்லை என்று முழுசாக ஆட்டினாள். சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான், வாங்கியவர் சம்மதிக்கவில்லை. திரையில் அடுத்த கடிகாரம் வந்துவிட்டது.

இடைவேளையில் அந்த அம்மாள் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா சார்? ஒரே ஒரு வார்த்தை?”

“சொல்ற வழக்கம் இல்லையே மேடம்” என்றான் தம்பி. அந்தப் பாவி மனுஷன் அவருக்கே ஆறுதல் சொன்னான். “உங்க மேல தப்பில்ல. நீங்க ரொம்ப நல்லாக் கூப்பிட்டீங்க.”

வீட்டில் அவன் மனைவி வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அவன் கையைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். ஏதாவது கதை கட்டிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், கண்ணாடி கழற்றியது உட்பட. அவள் திட்டவில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

“யாரு வாங்கினது?”

“தெரியல. போன்ல.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“தெரியலம்மா.”

“பொம்பளையா இருந்தா நல்லாருக்கும். ரெண்டு கண்ணி எடுத்துட்டோம்ல. ஆம்பள கையில ஏறாது.”

அடுத்த வாரம் அந்த அம்மாள், கடிகாரத்தை வாங்கியவரிடம் தம்பிக்காக எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். பதில் வந்தது. விற்பதாக இல்லை. கட்டிக்கொள்ளவும் போவதில்லை, வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்போகிறார். பின்மூடியில் இருக்கிற பெயரை மட்டும் தேய்த்து எடுப்பதற்குக் கடைக்குக் கொடுத்தாகிவிட்டது.

இதை என்னிடம் சொன்னபோது தம்பியின் குரலில் ஈரமே இல்லை. “இத வீட்டுல போய் எப்படிக்கா சொல்றது?”

“சொல்லாதே” என்றேன்.

“பதில் வந்துதான்னு தினம் கேக்கறா.”

“வந்துச்சுன்னு சொல்லு. வாங்கினது ஒரு டீச்சர். ஒல்லியா இருப்பாங்க. தினம் கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறாங்க. போதுமா?”

ஒரு திருகு மாறியிருந்தால்கூட மறைக்காமல் சொல்லியே பேர் வாங்கியவன் என் தம்பி. அதை அப்படியே போய்ச் சொன்னான். அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் போன்மேல் போன். “அக்கா, டீச்சர் என்ன பாடம் எடுக்கறாங்கன்னு கேக்கறா.” கணக்கு என்றேன். “பேரைப் பாத்துப் பிள்ளைங்க கேலி பண்ணுமா?” பண்ணும், டீச்சர் பெருமையாகக் காட்டுவாங்க என்றேன். தம்பி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பேச்சுக் கேட்க ஆரம்பித்தது. டீச்சருக்குச் சளி பிடித்தது, பரீட்சைத் தாள் திருத்தினார், பஸ்ஸைத் தவறவிட்டார். வாழ்நாளெல்லாம் கதை அளந்தவள் நான். யாரும் இவ்வளவு ஆசையாகக் காத்திருந்து என் கதையைக் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் போன் வந்தது.

“டீச்சர ஒருதடவ வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னு சொல்றாக்கா. கடிகாரத்தத் தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேங்கறா. என்ன சமைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கா.”

 வேறு ஒன்றும் தோன்றவில்லை.

“வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சுன்னு சொல்லிடு. தூரமா.”

அன்று மாலை அவனே கூப்பிட்டான்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘அவளும் போயிட்டாளா’ன்னு கேட்டாக்கா. அவ்வளவுதான். அரிசி ஊறப் போட்டிருந்தா. அத வடிகட்டப் போயிட்டா.”