மேற்கு வெயிலை வெளியே நிறுத்திய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், அக்கா தம் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சை அடைக்கக் கூடாது என்று சொன்னவர்கள். யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் சொன்னவன் நான்தான். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. பொறுமைசாலி, சாந்தமானவர் என்றெல்லாம் அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. அக்கா சாந்தமானவர் இல்லை. சண்டைக்காரர். கடைசியாகப் போட்ட சண்டையில் நம் எல்லாரையும் ஜெயித்தார். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். நான் பிறப்பதற்கு முன்பே குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அக்காவுக்குப் பதினேழு வயதானபோது அப்பா காலமானார். அம்மா ஏற்கெனவே நோயாளி. பள்ளியில் படிவம் ஐந்து தேர்வை எழுதி முடித்த கையோடு அக்கா பிஸ்கட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நீளமான அடுப்பின் வாயில் நின்று, வெந்து வரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கித் தள்ளும் வேலை. இருபத்தெட்டு ஆண்டுகள் அதே அடுப்பு. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த அண்ணன் பட்டம் வாங்கியதும் நான் லோரி லைசென்ஸ் எடுத்ததும் அந்த அடுப்புச் சூட்டில்தான்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்காகச் செய்த தியாகம் என்று யாராவது சொன்னால் அவருக்கு எரிச்சல் வரும். "வந்த மாப்பிள்ளைங்க மூஞ்சிய நீங்க பாக்கல. பாத்திருந்தா இந்தப் பேச்சே வராது" என்பார்.

தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கூரைக்கு அடியில் இருந்த சன்னல்களைக் குருவி வருகிறது என்று ஆணி அடித்து மூடிவிட்டார்கள். கீழே பெண்கள் மயங்கி விழுந்தார்கள். சூப்பர்வைசர் இன்னும் இரண்டு காற்றாடி வாங்கி வைத்தார். அக்கா போய், காற்றாடி அதே சூட்டைத்தான் எங்கள் மேல் வீசுகிறது, மேலே திறந்துவிடுங்கள் என்றார்.

"நீ என்ன இன்ஜினியரா?"

"இன்ஜினியர இங்க எட்டு மணி நேரம் நிக்கச் சொல்லுங்க போஸ். அப்புறம் அவரையே கேளுங்க."

ஒரு வாரத்தில் ஆணியைப் பிடுங்கி, குருவிக்கு வலை அடித்து, சன்னலைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் விழவில்லை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கிள்ளானில் ஒரு வரிசை வீடு வாங்கினார். மாடி இல்லாத வீடு, மேற்குப் பார்த்த வாசல். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் போர்ச்சைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறைக் கதவு வரை வரும். தரைக்கல்லில் கால் வைக்க முடியாது. அடுப்பின் முன்னால் நின்று பழகியவருக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்தோம். இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விஷயம் மாறியது. சூட்டில் இருக்கவே கூடாது என்றார். ஆறு மாதத்தில் இரண்டு முறை அக்கா பட்டப்பகலில் கூடத்தில் விழுந்தார். இரண்டாவது முறை பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி காக் ரோஸ் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கினார்.

அண்ணன் அக்காவை ஷா ஆலமில் தம் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஏர்கோன் போட்ட அறை, நல்ல மெத்தை. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனால் இரவுதான் திரும்புவார்கள். மூன்று வாரம் கழித்து அக்கா தாமே வாடகைக் கார் பிடித்துக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். நான் திட்டினேன்.

"அங்க குளிரா இல்லையா உனக்கு?"

"நல்லா குளிரா இருக்கு. பொண வீட்டுப் பெட்டியும் அப்படித்தான்டா இருக்கும். மனுஷ மூஞ்சிய பாத்து நாலு வார்த்தை பேச முடியுதா?"

அன்றைக்கே சொன்னார்: "போர்ச்ச அடைச்சுக் கொடு. பகல்ல அங்க உக்காந்துக்கிறேன். ரோட்ட பாத்த மாதிரியும் இருக்கும், வெயிலும் உள்ள வராது. நான் எங்கயும் போக மாட்டேன்."

நான் வேண்டாம் என்றேன். வீட்டை விற்கும்போது விலை குறையும் என்றேன். உயிரோடு இருப்பவர் வீட்டை விற்பதைப் பற்றி அவர் முகத்துக்கு நேராகப் பேசினேன். அண்ணன், கார் எங்கே நிறுத்துவது என்றார். அக்காவிடம் காரே கிடையாது. தீபாவளிக்கு ஒரு நாள் வருகிற எங்கள் காருக்காக அந்த இடம் வருஷம் முழுக்கக் காய வேண்டுமாம்.

எல்லாரையும் விடப் பெரிய காரணம் சொன்னவர் எங்கள் தாய்மாமா. நம் வீடுகளில் யாராவது இறந்தால் உடலைப் போர்ச்சில்தான் வைக்கிறோம், காரியமும் அங்கேதான். மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எங்க வைப்பீங்க? அடைச்சிட்டா, தூக்கிட்டுப் போறப்ப பாடி எப்படித் திரும்பும்?" என்று அக்காவின் முன்னாலேயே கேட்டார். அக்காதான் பதில் சொன்னார்.

"மாமா, செத்த பிறகு ரெண்டு மணி நேரம் படுக்கிற இடத்துக்காக, உசுரோட இருக்கிற வருஷமெல்லாம் நான் வேகணுமா? எனக்கு உக்கார இடம் கேட்டா நீங்க படுக்க இடம் பாக்குறீங்க."

மாமாவின் சந்தேகத்துக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு, அந்த நாளில், இரண்டு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தோம். பத்து நிமிட வேலை.

அக்கா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நகராண்மைக் கழகத்துக்கு பஸ் ஏறித் தனியாகப் போய், பிளான் கொடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னோடு படித்த குணா வீடு கட்டும் வேலை செய்கிறான். அவனைக் கூட்டி வந்தேன். இங்கேதான் என் இரண்டாவது தவறு. எப்படிச் செய்ய வேண்டும் என்று அக்காவைக் கேட்காமல், நானும் குணாவும் பேசி முடித்துவிட்டோம். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் கூரை, சுவரில் ஏர்கோன். கார் விற்கிற கடை மாதிரி பளபளவென்று இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அக்கா உள்ளே போய் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சேலை முழுக்க நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மின்சாரம் தடைப்பட்டால் ஏற்ற வாங்கி வைத்த மெழுகுவர்த்திகள் மேசைமேல் வளைந்து கிடந்தன. ஏர்கோன் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குணா தலையைச் சொறிந்தான். "அக்கா, இன்னும் பெரிய ஏர்கோன் போட்டா சரியாயிடும்லா."

"டேய், அடுப்பு ஒன்னு கட்டிட்டு, அதுக்குள்ள ஐஸ்கட்டி வைக்கச் சொல்றியா?"

"எல்லா இடத்திலும் இப்படித்தான்க்கா செய்றாங்க."

"எல்லாரும் வேகட்டும். இருபத்தெட்டு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னவ நான். சூடு எந்தப் பக்கம் போகும்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா? ஏணிய எடு."

நான் லோரியை விட்டுவிட்டு இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். அக்கா நடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் காட்டிக் காட்டி வேலை வாங்கினார். பிளாஸ்டிக் கூரையைப் பிடுங்கச் சொன்னார். கூரையை ஒரு முழம் உயர்த்தி, வெயில் ஊடுருவாத தகடு போட்டு, அதன் அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு விரிக்கச் சொன்னார். கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நீளமாக ஓர் இடைவெளி, சூடு வெளியேற. அதற்குக் கொசுவலை. அசையாத கண்ணாடிகளில் பாதியைக் கழற்றிவிட்டு, சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளைத் தரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார், கீழிருந்து காற்று வர.

கடைசியாக வெயிலை மறைக்க மூங்கில் தட்டி. இங்கே பிடாய் என்று சொல்வோமே, அது. குணா அழகாகக் கண்ணாடிக்கு உள்பக்கம் மாட்டினான்.

"வெளியில மாட்டு" என்றார் அக்கா.

"மழையில நனையும்க்கா. பாக்கவும் அசிங்கமா இருக்கும்."

"வெயில் கண்ணாடியில பட்டாச்சுன்னா சூடு உள்ள வந்தாச்சு. உள்ள வந்தவன உள்ள நின்னு மறிச்சு என்ன பிரயோஜனம்? வாசல்லயே நிறுத்து."

வெளியில் மாட்டினான். அன்று மூன்று மணிக்கு நான் முதலில் உள்ளே போனேன். ஏர்கோன் போடவில்லை. கூரைக் காற்றாடி மட்டும் மெதுவாகச் சுற்றியது. தெருவில் தார் உருகுகிற வெயில். உள்ளே, கணுக்காலில் காற்று பட்டது. அக்கா வந்து உட்கார்ந்தார். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. எழுந்திருக்கவே இல்லை. குணாவைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டுப் போடா, இன்ஜினியர்" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அக்கா வாழ்ந்தார். வீட்டுக்குள் ஒரு முறைகூட விழவில்லை. போர்ச் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் தொழிற்சாலையில் கூட வேலை செய்த மூன்று அக்காமார் வருவார்கள். நடுவில் கேரம் பலகை. அறுபது தாண்டிய நான்கு பெண்கள் போடுகிற சத்தத்தில் தெரு நாய் இடம் மாறிப் படுக்கும்.

"ஏய், முழங்கைய உள்ள வைக்காத! கள்ள ஆட்டம்!"

"கண்ணுல பொரை வச்சிக்கிட்டு முழங்கைய மட்டும் நல்லா பாக்குறா இவ!"

மாமாவும் ஒரு நாள் வந்தார், குறை கண்டுபிடிக்க. பகல் இரண்டு மணிக்கு அக்காவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் ஐந்து மணிக்குத்தான் கண் திறந்தார். குறட்டை காக் ரோஸ் வீடு வரை கேட்டது. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்து, "மாமா, பாடி திரும்புதா?" என்று கேட்டார். மாமா சிரித்துவிட்டார். போகும்போது குணாவின் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார். இன்று அக்கா வீட்டு வரிசையிலேயே நான்கு வீடுகளில் பிடாய் கண்ணாடிக்கு வெளியே தொங்குகிறது. குணா வாடிக்கையாளர்களிடம் அதை "அக்கா மாடல்" என்றுதான் சொல்கிறான்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் இதயம் மேலும் தளர்ந்தது. மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். அண்ணன் கட்டிலின் பக்கத்தில் நின்று மறுபடி கேட்டார். "அக்கா, ஷா ஆலமுக்கு வந்துடேன். நான் பாத்துக்கிறேன்."

"பாக்கணும்னா நீ வா. என் வீட்டுல இடம் இருக்கு."

அண்ணன் துணிப்பையோடு வந்தார். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, போர்ச்சில் கொண்டுவந்து போட்ட அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பதினொரு நாள் படுத்திருந்தார். வாழ்நாளில் ஒரு குவளை கழுவாத மனிதர் அக்காவுக்குக் கஞ்சி வைத்தார். உப்பு அதிகம் என்று அக்கா மூன்று முறை திருப்பி அனுப்பினார். நானும் லோரியை நிறுத்திவிட்டு வந்தேன். சின்ன வயதுக்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அப்போதுதான். அக்காவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஆண்டுக்கணக்கில் பேசியவர்கள், கடைசியில் அக்காவின் வீட்டில் வந்து தங்கினோம்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், மூன்றரை மணிக்கு, அக்காவின் மூச்சு நின்றது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்த நேரம்.

அக்காவைத் தூக்கி நிறுத்திய காக் ரோஸுக்கும், அவர் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அக்கா போன பிறகும் வியாழக்கிழமை வந்து விளக்கேற்றிவிட்டுப் போகும் மூன்று அக்காமாருக்கு நன்றி. கடைசி நாட்களில் தினமும் வந்து ஊசி போட்ட தாதிக்கும், சொன்னபடி கேட்ட குணாவுக்கும், கதவைக் கழற்றக் கை கொடுத்த மாமாவுக்கும் நன்றி. வேண்டாம் என்று சொன்ன மற்றவர்களுக்கும் நன்றி. நீங்கள் எதிர்த்திருக்காவிட்டால் அக்கா இவ்வளவு பிடிவாதமாகக் கட்டியிருக்க மாட்டார்.

அந்தப் பிற்பகலில் அண்ணன்தான் அக்காவின் கண்களை மூடினார். முகத்தைத் துடைக்கத் துணியை நனைத்து எடுத்து வந்த நான், நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே அப்படி ஒரு வெயில். அக்காவின் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.