மின்விசிறியின் நடுவில் அப்பா வைத்த பொட்டு

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய பெருமைகளைச் சொல்வது மகளாகிய என் கடமை. சொல்கிறேன். ஆனால் பெருமையில் சேராத ஒன்றையும் சொல்லும்படி அப்பாவே கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதனால்தான் அது இத்தனை காலம் சொல்லப்படாமல் கிடந்தது.

அப்பா தஞ்சைச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, செமினிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மலேரியாவோடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் ரயில்வே பார்சல் கொட்டகையில் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். கொட்டகையில் கூடை உடைந்து மாம்பழம் உருண்டு வந்தாலும் குனிந்து எடுத்துக் கூடையிலேயே போடுவார். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவர்கள் பிரிக்பீல்ட்ஸில் வேலை தேடும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தார்கள். கோபம் வந்தால் மட்டும் அப்பாவின் நாக்கு யாருக்கும் அடங்காது. பேசியது தவறென்று தெரிந்த பிறகு, அதே நாக்கு எழும்பவே எழும்பாது.

இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, அப்பா ஒரு பழைய மின்விசிறியை வாங்கி வந்தார். பித்தளை இறக்கைகள், கனத்த இரும்பு அடிப்பாகம். வாங்கியபோது அது ஓடவில்லை. அம்மாவின் தம்பி, கிள்ளானில் இருக்கும் என் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடுவிலிருந்த திருகாணியைக் கழற்றி, இறக்கைகளை உருவி, உள்ளே துடைத்து எண்ணெய் விட்டு ஓட வைத்தார். அன்று எங்கள் வீட்டில் வீசிய காற்றைப் பார்க்க அக்கம்பக்கமெல்லாம் வந்தது. மாமாவின் வீட்டில் அப்போது மின்சாரமே கிடையாது.

அதன்பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மின்விசிறிக்குத்தான் முதல் மரியாதை. அம்மா இறக்கைகளைப் புளி போட்டுத் துலக்கித் தர வேண்டும். சந்தனமும் குங்குமமும் வைப்பது அப்பா மட்டுமே. வேறு யார் கையும் படக்கூடாது. மோதிர விரலால் சந்தனத்தை வழித்து, நட்ட நடுவில், அந்தத் திருகாணியின் தலைமேல் அழுத்தி வைப்பார். போன ஆண்டுப் பொட்டைச் சுரண்டவும் விடமாட்டார். அதன் மேலேயே புதுப் பொட்டு ஏறும்.

சில ஆண்டுகளில் விசிறி முனகத் தொடங்கிப் பிறகு நின்றுபோனது. எண்ணெய் விட வேண்டுமானால் இறக்கைகளைக் கழற்ற வேண்டும். அப்பா பொட்டைப் பயபக்தியோடு துடைத்துவிட்டுத் திருப்புளியை வைத்தார். திருகாணி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார், தேங்காயெண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார். திருகாணியின் தலை ஒரு பக்கம் சிதைந்ததுதான் மிச்சம். கடைசியாக அதைத் தொட்டவர் யார் என்று யோசித்தார். மாமா.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நல்ல கூட்டம். அப்பாவோடு வேலை செய்பவர்கள், காஜாங்கிலிருந்து வந்த உறவினர்கள், மாமா குடும்பம் எல்லோரும் இலைமுன் அமர்ந்திருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் ஒருவர், "காத்தாடி என்னாச்சு?" என்று கேட்டார்.

"என் மச்சானைக் கேளுங்க" என்றார் அப்பா. "அவரு வீட்டுல கரண்டு இல்ல. இங்க காத்து வந்தா அவருக்குப் பொறுக்குமா? ஸ்குருவ யாரும் கழட்ட முடியாதபடி முறுக்கிவிட்டுட்டுப் போயிட்டாரு."

சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "அத்தான், நான் அளவாத்தான் இறுக்கினேன்" என்றார். அப்பா விடவில்லை, பொறாமை என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார். மாமா பாதி இலையில் எழுந்தார். அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். அம்மா வாசல்வரை ஓடினார். அதோடு கிள்ளானுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து நின்றது.

பிறகு எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீடு காஜாங். அங்கே துணிக்கடை வைத்திருந்த பெரியவர், பின்னாளில் என் மாமனாரானவர், நாள் குறிக்க மனைவியோடு வந்தார். "பொண்ணோட தாய்மாமன் எங்க?" என்று கேட்டார். தாய்மாமன் சீர் இல்லாமல் எப்படி மணமேடையில் உட்காருவது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா துணி போட்டு மூடியிருந்த மின்விசிறியைக் காட்டி, பழைய கதையை மறுபடி முழுவதுமாகச் சொன்னார்.

பெரியவர் துணியை விலக்கிப் பார்த்தார். "சூடு காட்டிப் பாத்தீங்களா? கடையில பூட்டு இறுகிப் போனா நாங்க அப்படித்தான் செய்வோம்."

அம்மா அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். அப்பாவே வாங்கித் திருகாணியின் தலைமேல் அழுத்திப் பிடித்தார்.

கூடமெல்லாம் சந்தனம் மணந்தது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பெரியவர் ஊசி ஒன்று கேட்டு வாங்கித் திருகாணியின் பிளவைக் குடைந்தார். கல்லாக இறுகிப்போன குங்குமம் பொடியாக உதிர்ந்தது. அதற்கடியில் சந்தனம், மறுபடி குங்குமம், அதற்கும் கீழே புளித்தண்ணீர் இறங்கிப் பிடித்த துரு. அப்புறம் திருப்புளி நன்றாகப் பதிந்தது. திருகாணி ஒரு முறை கிரீச்சிட்டுவிட்டு ஒழுங்காகச் சுழன்று வெளியே வந்தது.

"இதுல யாருங்க பொட்டு வெச்சது?" என்று பெரியவர் கேட்டார். அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா கம்பியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று நினைத்தாலும் உடம்பு குன்றுகிறது. பெரியவருக்கு விளங்கிவிட்டது. அவர் வெற்றிலைத் தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். "முதல்ல கிள்ளானுக்குப் போயிட்டு வாங்க. நாள அப்புறம் குறிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் ரயிலேறினோம். வழிநெடுக அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமா வீட்டு வாசலில் நின்று, வெற்றிலைத் தட்டில் அந்தத் திருகாணியை எடுத்து வைத்தார்.

"நீ இறுக்கல மச்சான். நான் வெச்ச பொட்டுதான்."

மாமா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு அத்தன பேரு முன்னால சொன்னீங்க அத்தான். இன்னிக்கு யாரும் இல்லாத நேரமா வந்து சொல்றீங்க."

அப்பா தட்டை இன்னும் சற்று நீட்டினார். மாமா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. "அக்கா மகளுக்குச் செய்ய வேண்டியத நான் செய்வேன். உள்ள வாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

சொன்னபடியே என் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து சீர் செய்தார். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு, திருகாணியைத் தாமே மாட்டினார். "அளவாத்தான் இறுக்கியிருக்கேன் அத்தான். ஒருக்கா நீங்களும் பாத்துக்குங்க" என்றார். அப்பா தலையை நிமிர்த்தவேயில்லை.

தாலி கட்டி முடிந்ததும் அப்பா எழுந்து நின்றார். அந்தத் தீபாவளிக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். "எல்லாருக்கும் ஒரு வார்த்தை" என்று தொடங்கினார். பந்தல் அடங்கியது.  மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லி அப்பா உட்கார்ந்துவிட்டார்.

ஓய்வு பெற்ற பின் அப்பாவும் அம்மாவும் காஜாங்கில் எங்களோடு இருந்தார்கள். ஆயுத பூஜை வந்தால் அப்பா விசிறி இருந்த பக்கமே போகமாட்டார். நெஞ்சுவலி கண்டு படுத்த பிறகு, அந்த விசிறிதான் அவர் தலைமாட்டில் ஓடியது. மாமா வாரந்தோறும் கிள்ளானிலிருந்து வந்து பக்கத்தில் அமர்ந்து, பாசாரில் காய்கறி விலை, மழை, ரயில் தாமதம் எல்லாம் பேசுவார். இருவரும் அந்தத் தீபாவளியைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாமா கிளம்பிப் போன ஒரு மாலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்குப் பந்தல்ல சொல்லத்தாம்மா எழுந்தேன். வாய் வரல. இனிமேயும் வராது. நீ சொல்லிடு. தனியா சொல்லாத. எல்லாரையும் வெச்சுச் சொல்லு."

அப்பாவை இரவு பகலாகக் கவனித்துக்கொண்ட என் மாமியாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற ரயில்வே நண்பர்களுக்கும், அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை ஏந்தி வந்து, அம்மாவைத் தம் தோளில் சாய்ந்து அழ விட்ட மாமாவுக்கு நன்றி என்ற சொல் போதாது.

அந்தத் தீபாவளியன்று எங்கள் வீட்டில் இலைமுன் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் இன்று வந்திருக்கிறீர்கள். ஒருவர் விடாமல் நானே போய் அழைத்தேன். அப்பா எழுந்து நின்று சொல்ல நினைத்தது இதுதான்: மாமா அந்தத் திருகாணியை இறுக்கவில்லை. அவர்மீது சொன்னது பொய். சொன்னவர் எங்கள் அப்பா.

மாமா, இலை போட்டிருக்கிறோம். இன்று பாதியில் எழாமல் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.