அவள் இடுப்பில் நடந்த என் நடை

நெஞ்சு வலி வந்தபோது நான் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மலையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களை மேய்க்கும் கங்காணி வேலையில் பாதி சத்தம்தான். பெண்கள் ஏறி இறங்கிப் பறிப்பார்கள். நான் ரோட்டில் நின்று "எட்டி நடங்க" என்பேன். அன்று வார்த்தை வரவில்லை, வியர்வைதான் வந்தது.

மாரடைப்பு. கண்டியில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பிச் சுருள்) வைத்து அனுப்பினார்கள். பிறகு ஹட்டனில் ஒரு கிளினிக். அங்கே டாக்டர் அம்மா ஒரு அசைவுமானியை (உடம்பின் அசைவை அடியடியாகப் பதியும் கருவி) கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தினமும் அரை மணி நேரம் மெதுவாக நடக்கச் சொன்னார்.

இரண்டு நாள் நடந்தேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டிலிருந்து கோயில் வளைவுக்குப் போவதற்குள் மூன்று தடவை நின்றேன். மலைக்குப் போகிற பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் அதை என் மனைவி செல்வராணியிடம் கொடுத்தேன். அவளும் கொழுந்து பறிப்பவள், என் ஆட்களில் ஒருத்தி. செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்குக்கு உள்ளே கட்டினால் யாருக்கும் தெரியாது.

"இது சரியில்லங்க" என்றாள்.

கத்தினேன். எனக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து கட்டிக்கொண்டாள். அவள் பயப்படுவாள் என்று தெரிந்துதான் கத்தினேன். பிறகு இரண்டு வாரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டே போனேன். டாக்டர் அம்மா கருவியைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார். இவ்வளவு நடக்கிற ஆளுக்கு இப்படி மூச்சு வாங்கினால் குழாய் மறுபடி அடைத்திருக்கலாம், கண்டிக்கு அனுப்பித் திரும்பவும் உள்ளே பார்க்க வேண்டும் என்றார். கடிதம் எழுதத் தொடங்கினார். பொய்யை ஒப்புக்கொள்வதைவிட நெஞ்சுக்குள் இன்னொரு தடவை கம்பி போவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

"அது அவரு நடந்தது இல்லைங்க டாக்டர்" என்றாள் செல்வராணி. "நான் நடந்தது."

பேனா நின்றது. டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். காலையிலிருந்து கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நின்றன. இடையில் ஒரு சின்ன வெற்றிடம்.

"பகல் சாப்பாடு வரைக்கும் இந்த ஒரு இடத்துலதான் நின்னிருக்கீங்க. பத்து நிமிஷம்."

"தேத்தண்ணி குடிக்கங்க."

அந்தப் பத்து நிமிடத்தை வகுத்தவன் நான். பதினோராவது நிமிடம் சத்தம் போடுகிறவனும் நான்தான்.

டாக்டர் அம்மா கடிதத்தைக் கிழித்துவிட்டு, ஆறு நிமிட நடைப் பரிசோதனை (ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று அளப்பது) செய்தார். மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்தேன். இருதயத்தில் புதிதாகக் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, நடக்காமல் கிடந்ததால் வந்த தளர்ச்சி என்றார்.

உங்களுக்கும் இந்தக் கருவியைக் கொடுத்தால் தயவுசெய்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். குறைவாக நடப்பது அவமானம் இல்லை என்கிறார்கள். எனக்கு இன்னும் அவமானமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டிக்கொள்கிறேன்.

இப்போது பெண்கள் மலையேறும் நேரத்திலேயே அதே ரோட்டில் நடக்கிறேன். ஆறு நிமிடம் நடந்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருகிறேன். பத்து நிமிடம் போதவில்லை.