ஹெல்மரும் கார்ல்ஸனும் ஹவில்தார் தர்மனும்

தர்மனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. மனிதர் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேலையும் இருந்திருக்கும், தலைக்கு மேல் கூரையும் இருந்திருக்கும். நான் அப்படித்தான் சொன்னேன். கேட்டால்தானே?

அது 1981. ஆசிய விளையாட்டுக்காக தில்லி முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் ஒரு மந்திராலயத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் முனிர்கா கிராமத்துக்குப் பின்னால், கீகர் முள்காட்டை ஒட்டியிருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் புள்ளி எழுதும் வேலை. சம்பளம் கிடையாது, டீயும் இரண்டு சமோசாவும் உண்டு. தீபாவளிச் சரத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் இந்தப் பட்டாபி, அதாவது நான், அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தர்மன் அந்த கிளப்பின் ஆயுத அறைக்குப் பொறுப்பானவர். பட்டாளத்துக்காரர்கள் அந்த அறையை ‘கோத்’ என்பார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, இருபத்தொரு வருடம் கழித்து ஹவில்தாராக வெளியே வந்தவர். அதில் பாதிக்கு மேல் புது ஆட்களுக்குத் துப்பாக்கி பழக்கிய வருடங்கள். கிளப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் மனைவி சந்திரம்மாளோடும் இரண்டு பெண்களோடும் இருந்தார். சட்டையில் கஞ்சி, மீசையில் மை, பேச்சில் பாதி இந்தி. கோத் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டியிருப்பார். குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார் என்று சந்திரம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் கிளப்புக்கு வெளிநாட்டு ரைஃபிள் ஒன்றை இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. ஒன்றே ஒன்று. பாயிண்ட் டூ டூ ரகம், அதாவது சுண்டுவிரல் நகம் பருமன்கூட இல்லாத சின்னத் தோட்டாவைப் போட்டு ஐம்பது மீட்டரில் காகிதத்தைச் சுடுகிற போட்டித் துப்பாக்கி. ஹெல்மர் கம்பெனியுடையதை வாங்குவதா, கார்ல்ஸன் கம்பெனியுடையதை வாங்குவதா என்று கமிட்டி அடித்துக்கொண்டது. கடைசியில் வியாபாரியிடம் இரண்டிலும் ஒவ்வொன்றை ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கி, சுட்டுப் பார்த்து முடிவு செய்வது என்று ஆயிற்று.

சுட்டுப் பார்க்க வேண்டியவள் பூங்கோதை. கரோல்பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கிளப்பில் அவளுக்கு நிகரான கை கிடையாது. நாலைந்து மாதத்தில் தேசிய முகாமுக்குத் தேர்வு இருந்தது. நாலு பேரை எடுப்பார்கள். வாங்குகிற ரைஃபிளோடுதான் அவள் அங்கே போக வேண்டும்.

முதல் வாரத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புள்ளி எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? குட்டையான ஹெல்மர் அவள் தோளில் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது. அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு. கார்ல்ஸனும் நல்ல சாமான்தான், ஆனால் நீளம், கனம். அவளுடைய சின்னக் கைக்கு எட்டவில்லை. ஐந்நூற்று எழுபத்தெட்டைத் தாண்டவே மாட்டேன் என்றது.

ஐந்தாவது வாரம் ஹெல்மர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி உள்ளேயே இறுகிக்கொள்ளும். முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும். சில தடவை குதிரையை இழுத்தால் வெடிக்கவே வெடிக்காது. பாயில் குப்புறப் படுத்திருக்கும் பூங்கோதையின் கழுத்து நரம்பு புடைப்பது என் நாற்காலியிலிருந்தே தெரியும். அடுத்தது வெடிக்குமோ வெடிக்காதோ என்று பயந்துகொண்டு யாரால் குறி பார்க்க முடியும்? ஐந்நூற்று அறுபத்தொன்பதுக்கு இறங்கிவிட்டாள். கமிட்டியில் எல்லார் முகமும் கார்ல்ஸன் பக்கம் திரும்பியது. ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம், அங்கேயே முடிவு என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் புள்ளிப் புத்தகத்தை எடுத்துப் போக கிளப்புக்குப் போனேன். கோத்தின் கதவு ஒருக்களித்திருந்தது. தர்மன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மர், கையில் கடிகாரக்காரன் கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடி.

“பட்டாபி சார், இங்கன வாங்க. இதப் பாருங்க.”

தோட்டா உட்காரும் துளையின் வாய். அதன் விளிம்பில், மேல் பக்கம், நகத்தால் கீறினது போல ஒரு பள்ளம். பள்ளத்தில் இருந்த இரும்பு உள்பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

“இதுதான் குப்பியப் பிடிச்சிக்கிடுது. அடி சரியா விழாததும் இதனாலதான்” என்றார். “துப்பாக்கி மேல தப்பில்ல சார். நான் பண்ணுனது.”

எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். பட்டாளத்து ரைஃபிளில் ஊசி தோட்டாவின் நடு மையத்தில் அடிக்கும். தோட்டா இல்லாமல் குதிரையை இழுத்தால் ஊசி வெறும் காற்றைத்தான் குத்தும், ஒன்றும் ஆகாது. அதனால் துப்பாக்கியை வைக்கும்போது அறையைக் காலி பார்த்து, ஒரு தரம் வெறுமனே இழுத்து, வில்லைத் தளர்த்திவிட்டு வைப்பது அங்கே விதி. இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில். ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் அடி நேராகத் துளையின் வாயில் விழும். இருபத்தொரு வருடப் பழக்கத்தில் காலையும் மாலையும் ஹெல்மரை வெற்று இழுப்பு இழுத்திருக்கிறார். கார்ல்ஸன் நீளம் என்பதால் துப்பாக்கி நிறுத்தும் மரச்சட்டத்தில் நிற்காது. பின்கட்டையையும் ஊசி இருக்கும் தண்டையும் கழற்றிப் பெட்டியில் படுக்க வைத்துவிடுவார். அதை இழுக்கவே வழியில்லை. அது தப்பித்தது.

“ஒருத்தரும் சொல்லலியா?”

“யாரு சொல்லுவா? கமிட்டியில பாதிப்பேரு பட்டாளம். அவுகளுக்கும் அதே பழக்கம்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினம் மாலை ஆறு மணிக்கு கிளப்பின் தலைவர் கர்னல் சாஹிப் கோத் வாசலில் வந்து நிற்பார். தர்மன் இழுத்துக் காட்ட வேண்டும். ‘டக்’ என்று சத்தம் காதில் விழுந்த பிறகுதான் சரி என்று தலையாட்டி, “டீக் ஹை” சொல்லிவிட்டுக் காருக்குப் போவார். ஒருநாள் தர்மன் மறந்துபோனதற்கு எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். நானே பார்த்திருக்கிறேன்.

“சொல்லப் போறேளா?”

“சொல்லாட்டா இத ஓட்டைத் துப்பாக்கின்னு திருப்பி அனுப்பிருவாக. அந்தப் பிள்ள கைக்கு எட்டாதத வச்சிக்கிட்டு தேர்வுக்குப் போயி என்ன செய்யும்?”

“பேசாம இருங்கோ ஹவில்தார். ஊரார் சாமான், இரவல் சாமான். கெடுத்தது நீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளியே தள்ளுவா. ரெண்டு பொண்ணை வெச்சுண்டு நடுத்தெருவில நிப்பேளா? யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கற மாதிரி இருக்கு.”

தர்மன் ஹெல்மரைத் துணியில் துடைத்து மரச்சட்டத்தில் வைத்தார். விரல் பழக்கத்தில் குதிரைக்குப் போனது. சுடுபட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

வெளியே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சந்திரம்மாள் என்னைத் தடுத்து நிறுத்தினாள். “அண்ணாச்சி, ரெண்டு நாளா இவுக சோறு திங்கல. என்னன்னு உங்ககிட்டயாவது சொன்னாகளா?” ஒன்றுமில்லை, வெயில் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஞாயிறு மூன்று மணி. நீள மேஜையின் ஒரு பக்கம் ஹெல்மர், மறுபக்கம் கார்ல்ஸன். ஆறு பேர் கமிட்டி, ஓரத்தில் புள்ளிப் புத்தகத்தோடு நான். பூங்கோதை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தர்மன் கதவருகே விறைத்து நின்றார். கூலர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

செயலாளர் என் கணக்கை உரக்கப் படித்தார். ஹெல்மர்: பதினோரு தடவை குப்பி சிக்கியது, ஏழு தடவை வெடிக்கவில்லை. கார்ல்ஸன்: ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நான் எழுதின எண்ணே பூங்கோதைக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“அப்போ கார்ல்ஸன். ஆட்சேபம் உண்டா?” என்றார் கர்னல்.

நான் தர்மனைப் பார்க்கவில்லை. மனதுக்குள், வேண்டாம், வேண்டாம் என்று ஜபித்துக்கொண்டிருந்தேன். பூட்ஸ் தரையில் படும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

“சாஹிப், ஹெல்மர் மேல் குற்றம் இல்லை. கெடுத்தது நான்” என்று இந்தியில் ஆரம்பித்தார். என்னிடம் சொன்னதையே சொன்னார். பூதக்கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். செயலாளர் குனிந்து பார்த்தார், பிறகு இன்னொருவர். கர்னல் குனியவில்லை. அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

“வெறும் அறையில் இழுக்கச் சொல்லி உனக்கு யார் உத்தரவு போட்டது?”

கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஆறு மணிக்கு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர் யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். கர்னலுக்கும் தெரியும். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், தர்மன் தப்பித்துவிடலாம்.

“உத்தரவு இல்லை, சாஹிப். என் பழக்கம்.”

நானாவது சொல்லியிருக்கலாம். புள்ளிப் புத்தகத்தில் ஏற்கனவே போட்ட கூட்டலை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

கர்னல் கார்ல்ஸனை ஒதுக்கித் தள்ளினார். “இதையே வாங்குவோம். காஷ்மீரி கேட் துப்பாக்கிக் கடையில் கொடுத்து விளிம்பைச் சரிசெய்யுங்கள்” என்றார். பிறகு தர்மன் பக்கம் பாராமல், “கோத் சாவியை வைத்துவிட்டுப் போ” என்றார். இடுப்புக் கயிற்றின் முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவர் சாவி தொங்கிய நுனியை மேலே இழுத்து, குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்ததை ஆறு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரமே முனிர்காவில் எருமைத் தொழுவத்துக்கு மேலிருந்த ஒரு அறைக்குக் குடிபோனார்கள். மேம்பாலம் கட்டுகிற இடத்தில் சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல் வேலை கிடைத்தது. ஹவில்தார் என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை, “ஏ மதராஸி” என்றார்கள். சந்திரம்மாள் கல்லூரி ஆசிரியர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். என்னைத் தெருவில் பார்த்தபோது, “எல்லாம் நேர்மை அண்ணாச்சி, நேர்மை” என்றாள். சிரிக்கவில்லை.

தேர்வு நாளன்று தர்மன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்று கம்பி வேலிக்கு வெளியே என்னோடு நின்றார். ஹெல்மர் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. ஐம்பத்தொன்பது குண்டு வரைக்கும் பூங்கோதை நாலாவது இடத்தில் இருந்தாள். தர்மனின் விரல்கள் கம்பியில் கோத்துக்கொண்டு வெளுத்துப் போயிருந்தன. அறுபதாவது குண்டு. பலகையில் எட்டு என்று போட்டார்கள். ஒன்பது வந்திருந்தால் போதும். ஒரே புள்ளியில் ஐந்தாவது ஆகிவிட்டாள்.

இதற்கா ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது? யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. ரைஃபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூங்கோதை வெளியே வந்தாள். தர்மனைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

“அங்கிள்… ஸாரி அங்கிள். உங்க நௌக்ரி போச்சு, வீடு போச்சு. நான் எல்லாத்தையும் பர்பாத் பண்ணிட்டேன்.” விம்மினாள்.

“அழாத தாயி. கடைசி குண்டுல என்ன ஆச்சு? குப்பி சிக்குச்சா? இறுக்கமா இருந்துச்சா?”

“இல்ல அங்கிள். ஒண்ணும் சிக்கல. நான்தான் ஜல்தியா, அவசரப்பட்டு இழுத்துட்டேன். என் கல்தி.”

“துப்பாக்கி?”

“ரைஃபிள் ஏக்தம் சரியா இருந்துச்சு.”

தர்மன் கண்ணை மூடித் திறந்தார். மூன்று மாதமாக அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது. பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அப்பம் சரி. உன் தப்புன்னா அடுத்த தடவ நீயே திருத்திக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.