கோரைக்குள் பாய்ந்த ஈயக்குண்டுகள்

எழுபதுகளின் நடுவில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் நான் சுகாதார நர்ஸாக இருந்தேன். வீடு திருவண்ணாமலையில். காலையில் முதல் பஸ்ஸில் போவேன்.

அந்த ஏரியின் மீன் ஏலத்தை திருவண்ணாமலை அரிசி ஆலை முதலாளி ஒருவர் எடுத்திருந்தார். ஏலம் மீனுக்கு மட்டும்தான். ஆனால் மழை முடிந்து சிறகி என்கிற காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதும், பறவைகளும் தன்னுடையவை என்று அவரே முடிவு செய்துகொண்டார். வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். அதைத் தட்டையான ஒரு சின்னப் படகின் முன்பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள். குழலுக்குள் வெடிமருந்தையும் கைநிறைய ஈயக்குண்டுகளையும் இடித்து அடைத்துவிட்டு, அவர் படகில் குப்புறப் படுத்துக்கொள்வார். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி ஓர் ஆள் சத்தமில்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போவான். ஒரே வெடியில் நாற்பது ஐம்பது பறவைகள் சாயும். செத்தவற்றைப் பொறுக்கிக்கொள்வார்கள். இறக்கை ஒடிந்தவை கோரைப் புதருக்குள் கிடந்து கத்திக் கத்திச் சாகும்.

எனக்கும் இரண்டு முறை சிறகி கொடுத்தனுப்பினார். குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மார்கழிக் காலை வெடிச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், பாய்க்குக் கோரை அறுக்கிற பெண் ஒருத்தியை அவள் புருஷன் தாங்கிக் கூட்டிவந்தான். வலது கை முழங்கை வரை ரத்தம்.

"ஆள் இருக்குது, ஆள் இருக்குதுனு கத்தினேன் நர்சம்மா. கையத் தூக்கியும் காட்டினேன். அப்பவும் வெடிச்சிட்டாரு."

ஏழு குண்டுகளை எடுத்தேன். மணிக்கட்டில் பதிந்தவை வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆலைக் கணக்குப்பிள்ளை வந்தார். கையில் காலைக் கட்டிய இரண்டு சிறகிகள். ஒன்றின் கண் இன்னும் இமைத்துக்கொண்டிருந்தது.

"மொதலாளி இந்தம்மாகிட்ட குடுக்கச் சொன்னாரு. முள்ளு கிழிச்சிடுச்சினு எழுதிடுங்க. கேஸுனு போனா இவங்களுக்குத்தான் தொல்லை ஜாஸ்தி."

ஒரு கைக்கு இரண்டு பறவை! அவற்றை அவர் கையிலிருந்து நானே வாங்கி வைத்துக்கொண்டேன். துப்பாக்கிக் காயம் என்றே பதிவேட்டில் எழுதினேன். மதியமே அந்தப் பறவைகளோடு ஆலைக்குப் போனேன். முதலாளி கோயிலுக்குப் போய்வந்த விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"அவ கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சும்மா. வேணும்னே பறவைய கலைக்கிறானு நெனச்சேன். அது எழும்பிட்டா அன்னிக்கி வேட்டை போச்சே."

தெரியாமல் நடந்தது என்று அவர் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. பறவைகளை அவர் மேஜை மேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் சரியாக நாலு வார்த்தை கேட்கவில்லையே என்று எரிந்தது.

புகார் கொடுக்கப் போன புருஷனை ஸ்டேஷனில் மூன்று நாள் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அந்தத் துப்பாக்கியை எந்த அதிகாரியும் தொடவில்லை. அதை நிறுத்தியவன் படகு தள்ளியவன்தான். "இனிமே நான் தண்ணில எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். ஊரில் வேறு எவரும் இறங்கவில்லை. தள்ள ஆளில்லாமல் படகு கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். இடது கையால் அளந்து போட்டாள். வலது கையின் விரல்கள் மடங்கவில்லை.

"அந்த மனுசன் ஒரு வாட்டியாவது வந்து பாத்தாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு என் மூஞ்சி எப்டிம்மா தெரியும்?" என்றாள்.

என் பஸ் கிளம்பிவிட்டது. நான் ஏறவில்லை.